பீமனுக்குக் கை மடங்கவில்லை

ஒல்லியாகப் பிறந்தவனுக்கு ஊரில் எல்லாருமே டாக்டர்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்வார். முடிவெட்டுபவர் கழுத்தில் துண்டைக் கட்டும்போதே, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாகிறது என்று விசாரிப்பார். கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் நம் இலைக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நின்று, பரிதாபப்பட்டு, இன்னொரு கரண்டி போடுவார். இதையெல்லாம் நான் கொஞ்சமாக அனுபவிக்கவில்லை.

என் பெயர் ஏழுமலை. பெயரில்தான் ஏழு மலை. உடம்பில் மருந்துக்குக்கூட ஒரு மேடு கிடையாது. ஆனாலும் என் உடம்பைப் பற்றி எனக்கு எந்தக் காலத்திலும் தாழ்வு மனப்பான்மை இருந்ததில்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம், 'அஸ்திவாரம் நன்றாகத்தான் இருக்கிறது, கட்டடம்தான் எழுப்ப வேண்டும்' என்றே தோன்றும். அந்தக் கட்டடத்தை ஒரே கோடையில் எழுப்பிவிடலாம் என்று நான் இறங்கிய கதைதான் இது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. வீடு விழுப்புரத்தில். வேலை திண்டிவனத்தில், ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுவது. (மல்லாட்டை என்றால் நிலக்கடலை. வேறு பெயர் சொன்னால் எங்கள் பக்கம் கடலைக்கே புரியாது.) காலையில் பாசஞ்சர் ரயிலில் போய் மாலையில் அதிலேயே திரும்புவேன். மாதச் சம்பளக்காரன் ஆகிவிட்டேன் என்றதும் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். முதல் ஜாதகமே திண்டிவனத்திலிருந்து வந்தது. பெண் பெயர் காஞ்சனா. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். அப்பா இல்லாத பெண். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தாய்மாமன் தணிகாசலம் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம்.

பெண் பார்க்கப் போவதற்கு முன்பே நான் ஒரு கொள்கை முடிவு எடுத்திருந்தேன். போன இடத்தில் சொஜ்ஜி, பஜ்ஜி என்று தட்டைக் காலி செய்கிறவனைப் பார்த்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? தீனிப்பண்டாரம் என்று நினைப்பார்கள். கௌரவமான மாப்பிள்ளை தட்டைப் பார்க்கவே கூடாது. படபடப்பில் அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜியின் வாசனை மூக்கில் ஏறி மூளையைக் கலக்கியது. இருந்தாலும் காஞ்சனா தட்டை நீட்டியபோது நான் அசையவில்லை.

"வேணாங்க. வயிறு ரொம்பி இருக்குது" என்றேன்.

"காப்பியாவது..." என்றார் மாமா.

"பழக்கமில்லீங்க."

(அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்ததும் ஒரு சொம்பு காப்பி குடிக்கிற பிள்ளையை வேறு எப்படிப் பார்ப்பாள்?)

காஞ்சனா ஒரு நொடி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் சந்தேகம், கொஞ்சம் சிரிப்பு. எனக்கு அவளைப் பிடித்துப்போனது. சாதாரணமாக அல்ல, திரும்பி வரும் ரயிலில் மயிலம் தாண்டுவதற்குள் எங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துவிடும் அளவுக்குப் பிடித்துப்போனது.

சில நாள் கழித்துத் தரகர் பக்கிரி வந்தார். வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நல்ல செய்தி என்றால் அவருக்கு வெற்றிலை போட நேரம் இருக்காது.

"பொண்ணு வூட்ல எல்லாம் புடிச்சிருக்குது" என்றார் அப்பாவிடம், அதாவது என் நைனாவிடம். "பையன்தான் கொஞ்சம் ஒல்லின்னு மாமங்காரரு யோசன பண்ணிக்கினு இருக்காரு. வைகாசி போவட்டும், அப்பறம் பாக்கலாம்னுட்டாரு."

"வைகாசி போனா மட்டும் இன்னா? கத்திரி வெயில்ல காஞ்சி இன்னும் கொஞ்சம் எளச்சுதான் நிப்பான்" என்றார் நைனா. அவர் எப்போதும் என் பக்கம்.

"அதுக்குள்ள செஞ்சிலேர்ந்து வேற ஒரு ஜாதகம் வந்திருக்குது. ஆளு கட்டுமஸ்தா இருப்பாராம்."

கட்டுமஸ்து. அந்த வார்த்தை என் நெஞ்சில் (அதாவது நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில்) ஆணியாக இறங்கியது. இரவெல்லாம் முகம் தெரியாத ஒரு செஞ்சிக்காரன் தோளை உருட்டி உருட்டிக் காட்டினான். விடிந்ததும் தீர்மானித்துவிட்டேன். வைகாசிக்குள் நான் கட்டுமஸ்து ஆகிக் காட்டுவேன். காஞ்சனா இன்னொருவன் வீட்டுக்குப் போய்விட்டால் அப்புறம் இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

திண்டிவனம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை ஒன்றில் சிங்காரம் வஸ்தாது பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மலைபோல் இருப்பார். அந்த மலையின் பெரும்பகுதி இடுப்புக்கு மேல் முன்பக்கமாகச் சரிந்திருந்தது. அவர் தண்டால் எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டீயில் பொறையைத் தோய்த்துத் தின்றுகொண்டே எண்ணிக்கை மட்டும் சொல்வார். நான் அவர் வயிற்றையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"இது தொப்பன்னு நெனச்சுக்காத" என்று தட்டிக் காட்டினார். "இது அடங்கின பலம். உனக்கு எப்ப கல்யாணம்?"

"வைகாசிக்குள்ள ஆளாவணும் வஸ்தாது. அப்பதான் கல்யாணம்."

"ஜல்தியா முடிச்சிடலாம். உன்ன செலையாட்டம் செதுக்கி வுடறேன் பாரு."

செதுக்க ஆரம்பித்தார். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. கர்லாக்கட்டையை நான் சுற்றவில்லை, அது என்னைச் சுற்றியது. வீட்டில் செய்வதற்கென்று ஒரு ஸ்பிரிங்கையும் என் தலையில் கட்டினார். இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் வரிசையாகச் சுருள்கம்பிகள். மார்புக்கு முன்னால் பிடித்து விரிக்க வேண்டும். விரிப்பதில் ஆபத்தில்லை. சுருங்கும்போதுதான் மார்பில் இருந்த சொற்ப முடியையும் கவ்விக்கொண்டு சுருங்கும். மொட்டை மாடியில் அதிகாலையில் நான் போடும் சத்தத்தைக் கேட்டு, எங்கள் வீட்டில் யாருக்கோ பிரசவம் என்று எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்தது உண்மை.

சாப்பாட்டையும் மாற்றினேன். காலையில் கேப்பைக் கூழ். மண்டியில் நாள் முழுக்க மல்லாட்டை. மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டு எடுக்கும் மாதிரிக் கடலை என் மேஜைக்குத்தான் வரும். ஒரு பிடியைத் தரம் பார்க்கத் தோலுரித்துக் கொறிப்பது வழக்கம். நான் தரத்தை மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

"ஏழுமல" என்றார் முதலாளி ஒருநாள். "சாம்பிளப் பாக்கச் சொன்னா நீ சரக்கையே முடிச்சிடுவ போலக்கிதே."

ரயிலிலும் நேரத்தை வீணாக்கவில்லை. விக்கிரவாண்டியில் எதிர்வண்டிக்காகப் பாசஞ்சர் நிற்கும்போது பிளாட்பாரத்தில் இறங்கி பஸ்கி போடுவேன். ஜன்னல்தோறும் தலைகள் நீளும். எனக்குக் கூச்சம் கிடையாது. கலைஞனுக்குக் கூட்டம் புதிதா என்ன? ஒருநாள் உற்சாகத்தில் கணக்கு கூடிப்போனது. எழுந்து நின்றால் வண்டி நகர்கிறது. ஓட நினைக்கிறேன், முட்டி இரண்டும் எனக்குச் சம்பந்தமே இல்லாதவைபோல் நிற்கின்றன.

"மெதுவாத்தான் போவுது, வா ஏழுமல" என்று கூட வரும் நண்பர்கள் ஜன்னலிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார்கள். அவர்கள் பார்வையிலிருந்து மறையும்வரை நான் நின்ற இடத்தில்தான் இருந்தேன். கடைசியில் ரோட்டுக்கு வந்து கரும்பு லாரியில் ஏறி மண்டிக்குப் போனேன். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஆசுபத்திரிக்கா?" என்றார்.

பலன் தெரிந்ததா என்றால், எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில், மூச்சை இழுத்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால் புஜத்தில் ஒரு நெல்லிக்காய் அசைந்தது. மற்றவர்களுக்கும் அது தெரிய வேண்டும் என்பதற்காகத் தையற்கடையில் கொடுத்து எல்லாச் சட்டைகளின் கையையும் இறுக்கிப் பிடிக்கவைத்தேன். உடம்பு சட்டைக்குப் போதவில்லையென்றால் சட்டை உடம்புக்கு இறங்கி வரட்டுமே.

அப்போதுதான் வைகாசித் திருவிழா வந்தது.

எங்கள் பகுதி திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்னால் பாரதக் கூத்து நடக்கும். அதில் ஒருநாள் பகாசூரன் வதம். அசுரனுக்கு வண்டி நிறையச் சோறு கொண்டுபோகிற பீமன் வழியிலேயே அதைத் தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் அசுரனையும் கொல்வான் அல்லவா? எங்கள் ஊரில் இதை மேடையோடு விடமாட்டார்கள். பீமன் வேடக்காரரை நிஜமான மாட்டுவண்டியில், நிஜமான சோற்றுக் குவியலுக்கு நடுவில் உட்காரவைத்துத் தெருத்தெருவாக ஓட்டிப் போவார்கள். ஒவ்வொரு வாசலிலும் வண்டி நிற்கும். அந்த வீட்டில் செய்த பலகாரத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பீமன் ஒரு வாயாவது வாங்கித் தின்ன வேண்டும். தின்னாமல் போனால் அந்த வீட்டுக்கு ஆகாது. வருஷம் முழுக்கப் பேசுவார்கள்.

அந்த நாள் எங்கள் குடும்பத்து உபயம். மற்ற வேடங்களைக் கூத்துக்காரர்கள் கட்டுவார்கள். வண்டியில் உட்காரும் பீமன் மட்டும் எங்கள் வீட்டு ஆளாக இருக்க வேண்டும். வழக்கமாக அது விறகுக்கடை கோவிந்தன் சித்தப்பா. பிறக்கும்போதே பீமனாகப் பிறந்தவர். அந்த வருஷம் பார்த்து அவருக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு மோர்ச் சோற்றில் கிடந்தார். அடுத்த ஆள் யார் என்று வீட்டில் கூடிப் பேசினபோது நான் எழுந்து நின்றேன்.

"நான் ஒக்கார்றேன்."

"கையில கதாயுதத்தக் குடுத்துட்டா, ரெண்டுல எது பீமன்னு ஜனங்களுக்குத் தெரியணுமே" என்றார் நைனா.

அவர் கவலை அவருக்கு. என் கணக்கு வேறு. காஞ்சனாவின் பெரியம்மா வீடு எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் திண்டிவனத்துக்காரர்கள் திருவிழாவுக்கு அங்கே வந்துவிடுவார்கள். தாய்மாமன் தணிகாசலமும் வருவார். சட்டை போடாமல், ஊர் நடுவில், உயரமான வண்டியில் உட்கார்ந்து உடம்பைக் காட்ட இதைவிட ஒரு சந்தர்ப்பத்தை அம்மனே நினைத்தாலும் அமைத்துத் தர முடியாது. செஞ்சிக்காரனுக்கு மாட்டுவண்டி கிடைக்குமா?

விஷயத்தை வஸ்தாதுவிடம் சொன்னேன். பொறையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"திருவிழாவுக்கு ரெண்டு நா முன்னாடி ஒரே இழுப்பா இழுத்துடணும். அப்பதான் சத எழும்பி நிக்கும்" என்றார்.

இழுத்தேன். அன்று மாலை அவர் எண்ண எண்ண நான் தண்டால் எடுத்தேன். அவர் நடுவில் டீ குடிக்கப் போனபோதும் நிறுத்தவில்லை. பிறகு பஸ்கி. பிறகு ஸ்பிரிங். பிறகு மறுபடி தண்டால். கடைசியில் தரையில் குப்புற விழுந்து, மண்ணை மோந்துகொண்டே, "இன்னா வஸ்தாது, எழும்பிச்சா?" என்று கேட்டேன். "நாளான்னிக்குப் பாரு" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது அப்படியே பலித்தது.

மறுநாள் நல்ல வலி. வலி என்றால் வளர்ச்சி என்று சந்தோஷமாகவே இருந்தேன். திருவிழா அன்று காலை அம்மா வந்து எழுப்பினாள்.

"எழுந்திருடா. வேசம் கட்றவர் வந்துட்டாரு."

"வர்ல யம்மா."

"இன்னா வர்ல?"

"எதுவுமே வர்ல."

இரண்டு கையும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றன. தூக்கலாம், இறக்கலாம், முழங்கையில் மடங்க மட்டும் மாட்டேன் என்றன. கால்களும் அதே கட்சி. அம்மா வெந்நீர் ஊற்றினாள், நல்லெண்ணெய் தேய்த்தாள். ஒரு முறை பலங்கொண்ட மட்டும் மடக்கிப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மாள் மறுபடியும் வந்துவிட்டாள்.

"வேற யாரையாவது ஒக்காத்தி வெக்கலாம்" என்றார் நைனா.

"முடியாது நைனா. நான்தான் ஒக்காருவேன்." காஞ்சனா இந்நேரம் ரயிலில் வந்துகொண்டிருப்பாள். கை மடங்காவிட்டால் என்ன, மார்பு நிமிர்ந்துதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேடம் கட்டுகிறவர் அட்டையில் செய்த மார்புக் கவசத்தை எடுத்தார். வேண்டாம் என்று தடுத்தேன்.

"கவசம் இல்லன்னா உள்ள ஒண்ணுமே இல்லாதது தெரியுமே தம்பி" என்றார், கவலையோடு.

"பரவால்ல. உடம்பு தெரியணும்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கறுப்பு மையைக் குழைத்தார். என் மார்பில் இரண்டு பெரிய வளைவு, வயிற்றில் கட்டம் கட்டமாகக் கோடு, புஜத்தில் ஒரு உருண்டை என்று வரைந்து தள்ளினார். குனிந்து பார்த்தேன். நான் ஒரு கோடை முழுக்கப் பாடுபட்டுத் தேடிய உடம்பை அந்த மனிதர் ஒரு பீடி அணைவதற்குள் கொடுத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது.

வண்டியில் ஏற வேண்டுமே, கால் மடங்கவில்லை. தெரு இளைஞர்கள் என்னைப் படுக்கைவாட்டில் தூக்கி, ஏணியை ஏற்றுகிறமாதிரி ஏற்றி, பின்னால் ஒரு தவிட்டு மூட்டையை வைத்து நிமிர்த்தினார்கள். தலையில் கிரீடம். நீட்டின கைக்குள் கதாயுதத்தைச் செருகிவிட்டார்கள். சுற்றிலும் சோறு, சாம்பார் அண்டா, வடை, கொழுக்கட்டை. மேளம் முழங்க வண்டி கிளம்பியது. பார்வைக்கு நான் மிகவும் கம்பீரமாக இருந்ததாகத்தான் இன்றைக்கும் நம்புகிறேன்.

முதல் வாசலில் வண்டி நின்றது. அந்த வீட்டுக்காரம்மா ஒரு தட்டுக் கொழுக்கட்டையை நீட்டினார். கையை நீட்டி எடுத்தேன். எடுத்தது எடுத்தபடி நின்றது. கொழுக்கட்டை அங்கே, வாய் இங்கே. நடுவில் மடங்காத ஒரு முழங்கை. கையை மேலே தூக்கினால் கொழுக்கட்டை கிரீடத்துக்கு மேல் போகிறது. பக்கவாட்டில் கொண்டுவந்தால் மாட்டின் முதுகுக்குப் போகிறது. கடைசியில் குனிந்து தட்டிலேயே வாயை வைக்கப் பார்த்தேன். கிரீடம் கழன்று சாம்பாரில் விழுந்தது.

மேளம் நின்றுவிட்டது. அந்த அம்மாவின் முகம் மாறியது.

"ஏன் துன்ன மாட்டேங்குது பீமன்? எங்க வூட்டுது ஆவாதா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நைனா தலையைக் குனிந்துகொண்டார். பாட்டன் காலத்து உபயம் என்னால் கெடப்போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் முறையாகப் பயந்தேன்.

வண்டிக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து வண்டியில் ஏறினாள். என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீட்டின கையிலிருந்த கொழுக்கட்டையைப் பிடுங்கினாள்.

"வாயத் தொற."

"யம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். தொற."

திறந்தேன். கூட்டத்தில் யாரோ, "குந்தியே வந்துட்டாங்கப்பா" என்றார்கள். மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், தெரு அதிர்ந்தது.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. நான் பிறந்ததிலிருந்து "இன்னும் ஒரே ஒரு வாய்டா" என்று கெஞ்சி அலுத்தவள் அவள். இப்போது நான் எழுந்து ஓட முடியாது. கையால் தடுக்க முடியாது. வேண்டாம் என்று சொன்னால் சாமி குத்தம். அவளுக்கென்றே அம்மன் ஒரு மாட்டுவண்டியை அனுப்பிவைத்ததுபோல் ஆகிவிட்டது. ஒரு வாய் போதும் என்று வழக்கம் இருக்க, அவள் வீட்டுக்கு வீடு நாலைந்து வாயாக ஊட்டினாள். நடுநடுவே முதுகைத் தடவினாள், குடத்திலிருந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள், "மென்னு துன்னு" என்று அதட்டினாள். அடிவாங்கின பயில்வான் மாதிரி நான் வாயைத் திறந்து திறந்து மூடினேன். காமாலைச் சித்தப்பா தன் வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் போகும் ஒவ்வொரு அதிரசத்துக்கும் அவர் வாயும் திறந்து மூடியது.

அடுத்த தெரு வந்தது. பெரியம்மா வீட்டு வாசலில் தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஊரே சிரிக்கிறது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வெயிலில் மை உருகி, மார்பு வயிற்றுக்கு இறங்கி, வயிறு வேட்டிக்கு இறங்கியிருந்தது. 'கொஞ்சம் இரு' என்று அம்மா முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். எஞ்சியிருந்த தசையும் அவள் புடவைக்குப் போய்விட்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து காஞ்சனா வந்தாள். கையில் தட்டு. தட்டில் சொஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி.

"இதையாவது துன்னுவாரான்னு கேளுங்க" என்றாள் அம்மாவிடம். என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நல்லாத் துன்னுவாம்மா. கைதான் வேல நிறுத்தம் பண்ணிக்கினு இருக்குது."

அம்மா பஜ்ஜியை எடுப்பதற்கு முன்பே என் வாய் திறந்துகொண்டது. அது எப்படித் திறந்தது என்று எனக்குத் தெரியாது. பெண் பார்த்த நாளிலிருந்து அது அந்த பஜ்ஜிக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். தட்டு காலியாகும்வரை வண்டி நகரவில்லை. காஞ்சனா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க உள்ளே ஓடிவிட்டாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். செஞ்சிக்காரனின் கல்யாணப் பத்திரிகை என் கண்முன்னால் அச்சாகிக்கொண்டிருந்தது. வாயில் பஜ்ஜி இருந்ததால் அழக்கூட முடியவில்லை.

கோயில் திடலில் பகாசூரன் காத்திருந்தான். திருவாமாத்தூர் பக்கத்துக் கூத்துக்காரர். கோரைப்பல், சடைமுடி, ஆளே வாசற்கதவு அகலம். உறுமிக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்து, என் காதருகே குனிந்தார்.

"தம்பி, கதாயுதத்தத் தூக்கு. தொட்டா போதும், நான் வுழுந்துடறேன்."

"இப்ப தூக்கக்கூட வர்லண்ணே."

"சரி, ஒரு ஒத வுடு."

"காலும் வர்லண்ணே."

அசுரன் இன்னொரு சுற்று உறுமிவிட்டு வந்தார். இப்போது அவர் குரலில் அழுகை இருந்தது. "எவ்ளோ நேரந்தான் நான் உறுமிக்கினே இருக்கறது? எதுனா ஒண்ணு பண்ணு தம்பி."

நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தெருத்தெருவாக உள்ளே போனவை எல்லாம் ஒன்று கூடி, ஒரே மனதாக ஒரு முடிவுக்கு வந்தன. அடிவயிற்றிலிருந்து ஒரு ஏப்பம் கிளம்பியது. அப்படி ஒரு ஏப்பத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் விட்டதில்லை. பூட்டியிருந்த மாடுகள் மிரண்டன. பகாசூரன் அனுபவசாலி, கிடைத்த சந்தர்ப்பத்தை விடவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பறந்து, திடலில் உருண்டு உருண்டு போய்ச் செத்து விழுந்தார். அப்படி ஒரு கைதட்டலை அந்தத் திடல் பார்த்ததில்லை. பிறகு செத்த அசுரனே எழுந்துவந்துதான் என்னை வண்டியிலிருந்து இறக்கித் தோளில் போட்டு வீட்டில் சேர்த்தார்.

மறுநாள் முழுக்க அறைக்குள்ளேயே படுத்திருந்தேன். உடம்பு வலியைவிட மனசு வலித்தது. சாயங்காலம் தரகர் பக்கிரியின் குரல் கேட்டது. வெற்றிலை போடாமலேயே பேச ஆரம்பித்திருந்தார்.

"மாமங்காரரு சரின்னுட்டாரு. ஆவணிலியே முடிச்சிடலாமாம்."

நான் விறைத்த காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். "ஒல்லின்னு சொன்னாரே?"

"ஒல்லின்னு அவரு எங்க சொன்னாரு? நான்தான் மாத்திச் சொன்னேன்." தரகர் நைனா பக்கம் திரும்பிக் குரலை இறக்கினார். "பஜ்ஜியத் தொடல, காப்பியும் வேணான்ட்டான், ஆளும் இப்பிடிக்கிறான். பையனுக்கு வயித்துல எதுனா சீக்கு இருக்கும், மறச்சுக் கட்டி வெக்கப் பாக்கறாங்கன்னாரு. அத்த உங்க மூஞ்சிக்கு நேரா எப்பிடிங்க சொல்றது? நேத்து அவரு வண்டி பின்னாலியே கடசித் தெரு வரைக்கும் நடந்து வந்தாரு. எப்ப வாந்தி எடுப்பான், எப்ப வயித்தப் புடிச்சிக்குவான்னு பாத்துக்கினே வந்தாரு. அந்த ஏப்பத்தக் கேட்டப்பறம்தான் அவருக்கு மனசு ஆறிச்சி. கல்லத் துன்னாலும் செரிக்கும், நம்ம பொண்ணு சமையலு ஒண்ணும் பண்ணாதுன்னாரு."

ஆக, நான் எடுத்த தண்டாலும் போட்ட பஸ்கியும் பிடுங்கிக்கொண்ட மார்பு முடியும் யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. அன்றைக்கே அந்த ஒரு தட்டு பஜ்ஜியைத் தின்றிருந்தால் வைகாசிக்கு முன்பே எனக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். (சிங்காரம் வஸ்தாதுவிடம் போய்ச் சொன்னபோது, "பாத்தியா, செதுக்கி வுட்டேன்ல?" என்று கல்யாணச் சாப்பாட்டுக்குத் தேதி கேட்டார்.)

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டிவிடச் சொன்னார்கள். என் கை லட்டை நோக்கிப் போனபோது காஞ்சனா குனிந்த தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "கை மடங்குதுங்களா?" என்றாள். அவள் என்னோடு தனியாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் அப்படியே தங்கிவிட்டது. திண்டிவனத்துப் பந்தியில் நான் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தால் இலைக்கு இலை அதைக் கேட்கிறார்கள். என் பிள்ளைகள் கேட்டார்கள், இப்போது மருமகளும் கேட்கிறாள். வயதாக ஆக உடம்பில் மேடு வந்தது. ஆனால் வஸ்தாது சொன்ன அந்த அடங்கின பலமாக, முன்பக்கமாகத்தான் வந்தது. எனக்குக் கவலை இல்லை. அஸ்திவாரம் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

போன பங்குனியில் ஒருநாள், இந்தக் கோடைக்குள் வயிற்றைக் குறைத்துவிடப் போகிறேன், திங்கட்கிழமையிலிருந்து நடைப்பயிற்சி, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது என்று கூடத்தில் நின்று அறிவித்தேன். காஞ்சனா சமையலறைக்குப் போய் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்களே எடுத்துக்கறீங்களா, இல்ல அத்தையக் கூப்புடவா?"

அம்மா உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தாள். அவளுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. வாசலில் வேட்டு வெடித்தாலும் திரும்ப மாட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா மெதுவாக எழுந்து, புழக்கடைப் பக்கம் கை கழுவப் போய்க்கொண்டிருந்தாள்.